வளையத்தில் கோத்த வாசல்கள்

எழுபத்து நான்காம் ஆண்டு ஆடிக் கிருத்திகை வாரத்தில், திருத்தணி மலையடியில் குடியிருந்த காஞ்சனா தன் வீட்டுத் தெருக்கதவைத் திறந்து வெளியே கால் வைத்தபோதெல்லாம் ஜெயம்மா வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றாள். ஜெயம்மா வீட்டு வாசலைத் தாண்டினால் பச்சையப்பனின் தறிக்கூடம் வந்தது. அதன் வாசலுக்கு அப்பால் ரஞ்சிதத்தின் முற்றம். அதையும் கடந்தால் மறுபடி தன் வீட்டு அடுப்படி. நடுவில் தெரு என்று ஒன்று இல்லை. அந்த வாரம் தேங்காய் விலை ஏறியதையும் இதையும் அப்பகுதியார் ஒரே குரலில்தான் பேசினார்கள். தேங்காய்க்குச் சற்றுக் கூடுதலாகவே அங்கலாய்த்தார்கள்.

அத்தெருவின் நெசவுக் குடும்பங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து குடியேறியவை. காவடி பூர்வீக வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆதலால் கிருத்திகை வாரம் பிறந்ததும் தறியை நிறுத்தி, வீட்டைப் பூட்டி, சாவியைக் காஞ்சனாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். கிருத்திகையன்று காவடியோடு நடந்து வந்து, நேரே மலையேறி, இறங்கிய பிறகு சாவியை வாங்கிக்கொள்வார்கள். காஞ்சனாவின் கணவன் வரதராஜனுக்கு ஆடி மாதத்தில் காய்ச்சல் கண்டுவிடும். அவள் வீட்டை விட்டு நகரமாட்டாள். தெருவுக்கு அது வசதியாக இருந்தது. அவன் முதன்முதலாக டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்தால் கிருத்திகையன்று பால்குடம் எடுப்பதாக அவள் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அவன் பிழைத்தான். ஆனால் கிருத்திகைதோறும் யாராவது சாவி கேட்டு வருவார்கள் என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மலையடியில் வாழ்ந்தும் மலையேற நேரம் வாய்க்கவில்லை. காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து, ஆண்டுதோறும் சற்று அதிகமாகத் தங்கியது. சென்ற ஆண்டு ஆவணி பாதி கழிந்தும் இறங்கவில்லை. இம்முறை பால்குடம் மேலே போகாவிட்டால் அவன் எழுந்திருக்கமாட்டான் என்பதில் அவளுக்கு ஐயமில்லை.

சாவிகளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. எந்த வீட்டுத் தறியில் எந்த நிறப் பாவுநூல் நீளவாக்கில் ஓடுகிறதோ அந்த நிற நூலை அந்த வீட்டுச் சாவியில் கட்டி, தனித்தனி ஆணியில் மாட்டுவார்கள். சாவி வைத்திருப்பவர் தம் வீட்டுச் சாவியை அவற்றோடு சேர்ப்பதில்லை. திங்கட்கிழமை காலை, கரையான் அரித்த ஆணிப்பலகை சுவரைவிட்டுக் கீழே விழுந்தது. அடுப்பில் பால் பொங்கியது. உள்ளே வரதராஜன் தண்ணீர் கேட்டான். காஞ்சனா எல்லாச் சாவிகளையும் பொறுக்கி, தன் வீட்டுச் சாவியோடு சேர்த்து, பழைய வாளியின் கம்பியை வளைத்து அதில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பொங்கி வழிந்ததற்குப் பதிலாகப் பால் வாங்கலாம் என்று கதவைத் திறந்தாள். ஜெயம்மா வீடு வந்தது.

வந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. ஜெயம்மா மறந்துவிட்டுப் போன இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது, துடைத்தாள். பச்சையப்பன் தறியில், பாதி நெய்த சேலையின் மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றினாள். ரஞ்சிதத்தின் முற்றத்துக் குழாய் திறந்தபடி கிடந்து, தண்ணீர் நூல் சிப்பங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, மூடினாள். தன் வீட்டை அடைந்தபோது சோறு கருகியிருந்தது. செவ்வாயன்றும் மாவு பொங்கியது, பூனை சேலைக்குத் திரும்பியிருந்தது, குழாய் தானே திறந்துகொண்டது. புதனன்று இவற்றோடு ஜெயம்மாவின் ஊறுகாய் ஜாடியும் உடைந்தது. வளையத்திலிருந்து சாவிகளைக் கழற்றப் பார்த்தாள். கம்பி உள்ளே வாங்கியதே தவிர வெளியே விடவில்லை. இடுப்பிலிருந்து வளையத்தையே எடுத்து வைத்துவிட்டுப் போனபோதும் வழி மாறவில்லை.

வரதராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கதவைத் தானே திறந்து பார்த்தான்.

"எனுக்குத் தெரு வருதே. உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜெயம்மா வூடு வருது?"

"உன் இடுப்புல யாரும் சாவி சொருவல. போய்ப் படு."

பால்காரன் சேட்டு ஜன்னல் வழியாகப் பால் ஊற்றினான்.

"யக்கா, நேத்து பூட்டுன வூட்டுக்குள்ள நின்னு மாவு வழிச்சிகினு இருந்தியே?"

"ஆங், வழி அப்டி போவுது. அளந்து ஊத்து, நுரைய ஊத்தாத."

வியாழனன்று தணிகாசலம் அதே ஜன்னலுக்கு வந்தார். மலைமேல் கோயிலருகே தேங்காய்க் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னால் தேங்காய் கொட்டிவைக்கும் அறையும் அவருடையது. அரக்கோணத்தில் மகளுக்கு வலி கண்டுவிட்டதாம்.

"ரூம்பு சாவி இது, தங்கச்சி. இந்த வாரம் எதத் தொட்டாலும் கை நழுவுது; ரயில்ல தொலைச்சிருவேன். கிருத்திகைக்குள்ள வந்து வாங்கிக்கிறேன்."

சாவியை வாங்கிய கை வேறொன்றும் யோசிக்காமல் அதை வளையத்தில் கோத்தது. அது ரஞ்சிதத்தின் சாவிக்கும் தன் சாவிக்கும் இடையில் போய் அமர்ந்தது. காஞ்சனா வளையத்தில் விரலை ஓட்டினாள்: ஜெயம்மா, பச்சையப்பன், ரஞ்சிதம், அடுத்தது மலைமேல் அறை, அப்புறம்தான் தன் வீடு. பிறகு, பால்குடம் இல்லாமல் அந்த வழியை மிதிப்பதில்லை என்று கதவைத் தாழிட்டு, கிருத்திகை வரையில் திறக்கவே இல்லை.

கிருத்திகையன்றும் தணிகாசலம் திரும்பவில்லை; வரதராஜனின் உடம்பு அனலாய்க் கொதித்தது. சேட்டு ஜன்னலில் ஊற்றிய பாலால் பித்தளைக் குடத்தை நிரப்பி, மஞ்சள் புடவையோடு காஞ்சனா அதைத் தலையில் ஏற்றினாள். ஏற்றிய பால்குடத்தைச் சந்நிதி சேரும் முன் தரையில் வைக்கக்கூடாது. ஜெயம்மா வீட்டில் மாவு வாசல் வரை வழிந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டு போனாள். பூனை குட்டிகளுடன் சேலையில் படுத்திருந்தது. ரஞ்சிதத்தின் முற்றத்தில் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. தண்ணீர் சிப்பங்களின் அடியை எட்டிக்கொண்டிருந்தது. குனிந்தால் மூடலாம். குனிந்தால் பால் சிந்தும். பிறர் வீட்டுக் குழாயை மூடாமல் போவது அவள் வாழ்நாளில் அதுவே முதல் முறை. "மன்னிச்சிக்கோ ரஞ்சிதம்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

தேங்காய் நாரின் வாசனை அடித்தது. காலுக்கடியில் தேங்காய்கள் உருண்டன. அறைக்கதவை உள்ளிருந்து தள்ளியபோது 'அரோகரா' முழக்கம் முகத்தில் மோதியது. ஒரு துளியும் சிந்தாமல் பாலைச் சேர்ப்பித்துவிட்டு வெளியே வந்தபோது, இடுப்பிலிருந்த கம்பி தானாக நிமிர்ந்து சாவிகள் மடியில் உதிர்ந்தன.

அவள் படிவழியே இறங்கினாள். காவடியோடு மூச்சு வாங்க ஏறிவந்த ஜெயம்மா பாதிப்படியில் நின்றுவிட்டாள்.

"இன்னாடி காஞ்சனா, எங்களுக்கு முன்னாடி எப்பிடி ஏறுன?"

"ஏறலக்கா. உன் வூட்டு வழியாப் போனேன்."

"ஏறாத பால்குடம் கணக்குல வருமா?"

"எறங்குறது கணக்குல வராதா? இந்தா உன் சாவி. மாவு நாறுது, போய்த் துடை."

வீட்டில் வரதராஜன் வியர்த்து எழுந்து உட்கார்ந்து, ரசம் கேட்டுக்கொண்டிருந்தான். காய்ச்சல் அதன் பிறகு வரவில்லை. நனைந்த நூலுக்காக ரஞ்சிதம் பொங்கல் வரை பேசவில்லை. ஆனாலும் அடுத்த ஆடியில் எல்லோருக்கும் முன்னதாகச் சாவி கொண்டுவந்து கொடுத்தாள். காஞ்சனா அதை வாங்கி, நூல் பார்த்து, புதுப் பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டினாள். தணிகாசலத்தின் சாவியைத் தானே கேட்டு வாங்கி, தன் வீட்டுச் சாவியோடு சேர்த்து ஒரே கம்பியில் கோத்தாள்; அவள் வாசல் நேரே மலைமேல் அறைக்குள் திறந்தது. அது முதல் கிருத்திகையன்று சாவி வேண்டியவர்கள் மலைமேல் தேங்காய் அறைக் கதவைத் தட்டினார்கள். சேட்டு மட்டும் வழக்கம்போல் கீழ் ஜன்னலில் பால் ஊற்றினான்.