பேசாச் சுற்று

வாய் திறக்காததற்காக ஒரு பெண்பிள்ளைக்கு மாலை போட்ட பள்ளிக்கூடம் பதுளைப் பக்கத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் அதிபர் தனுஜாவை மேடைக்கு அழைத்தார். மாகாணப் புத்தாக்கப் போட்டியில் வென்ற கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் மாலையையும் கழுத்தில் போட்டார்.

"கோபுரம் ஆடுது, விழப்போகுதுன்னு தெரிஞ்சும் இந்தப் பிள்ளை வாயைத் திறக்கல. அதுதான் கட்டுப்பாடு. நீங்களும் இருக்கீங்களே, கூட்டத்துல ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டேங்கிறீங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். பிளாஸ்டிக் மாலை தனுஜாவின் கழுத்தை அறுத்தது. அதிபர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? தெரியாமல்தான். தெரிந்திருந்தால் மாலையா போட்டிருப்பார்? மேடையிலிருந்து பார்த்தபோது, பதினோராம் தரத்து வரிசையில் ரமேஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. அவன் வலக்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கிடந்தான்.

இந்தப் போட்டியின் சங்கதி இதுதான். ஐந்து பேர் கொண்ட குழு. மண்டபத்துக்குள் போன பிறகுதான் பிரச்சினையைச் சொல்வார்கள். கையில் கொடுக்கிற சாமான்களை வைத்து அங்கேயே யோசித்து, அங்கேயே செய்து காட்ட வேண்டும். வெளியாள் உதவக்கூடாது. முதல் சுற்று பேசும் சுற்று. இரண்டாவது பேசாச் சுற்று. குழுவில் ஒருவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தாலும் புள்ளி அத்தனையும் போய்விடும்.

போன வருடம் பேசும் சுற்றில் தனுஜாதான் பேசினாள். நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் அரைகுறை. பாலம் கட்டியிருக்கிறோம் என்று சிங்களத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்குப் புரண்டு, பழம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டாள். மண்டபமே சிரித்தது. பதுளை டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பக்கத்தில் இருந்த ரமேஸ்தான் அவளைத் தேற்றினான்.

"அடுத்த வருசம் பேசாச் சுத்துல புடிச்சிருவோம் தனுஜா. வாயத் தொறக்காட்டி யாருக்குத் தெரியப்போவுது, நம்ம தோட்டத்துப் புள்ளைங்கன்னு?"

அந்த வார்த்தை அவளுக்குள் ஆணிபோல இறங்கிவிட்டது. வருடம் முழுவதும் பள்ளி விட்ட பிறகு பயிற்சி நடந்தது. பேசாச் சுற்றில் பெரும்பாலும் எடை தாங்கும் கட்டுமானம்தான் வரும் என்பதால் பாலமும் கோபுரமும் கட்டிக் கட்டிப் பார்த்தார்கள். குழுவுக்குப் பொறுப்பான பார்த்தீபன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவர் நாளுக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லாமல் விடமாட்டார்:

"பிள்ளையள், நுணலும் தன் வாயால் கெடும். விளங்கிச்சுதோ?"

நுணல் என்றால் தவளை. வாயைத் திறந்து கத்தித்தான் பாம்புக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்குமாம். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று இன்னொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. அதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம் பேசாச் சுற்றில் வந்த பிரச்சினை, மூங்கில் குச்சியும் சணல் கயிறும் கொண்டு ஒரு கோபுரம் கட்டுவது. கோபுரத்தின் தலையில் ஒரு பலகை. பலகையில் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கடைசித் தட்டை வைத்ததும் நடுவர் கொடியை உயர்த்துவார். கொடி இறங்கும்வரை கோபுரம் நின்றால் அந்த எடை கணக்கில் சேரும். எடை ஏறும்போது ஒருவர் மட்டும் கீழே படுத்துக் கால்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோபுரம் முழுக்க ரமேஸின் மூளை. குச்சிகளை எப்படிச் சாய்ப்பது, எங்கே குறுக்கே கட்டுவது என்று அவன்தான் கையாலேயே காட்டிக்கொடுத்தான். கீழே படுத்தவனும் அவன்தான். மண்டபத்துத் தரையில் குப்புறப் படுத்து, பலகைக்கு நேர் கீழே வலக்கையை நுழைத்து நடுக்காலைப் பிடித்தான். அங்கிருந்து அவனுக்கு மேல்கட்டுத் தெரியாது. தட்டுகளை ஏற்றியது தனுஜா.

டவுன் பள்ளிக்கூடம் வைத்த எடையை இவர்கள் எட்டிவிட்டார்கள். இன்னும் ஒரு தட்டு வைத்தால் முந்திவிடலாம். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான், மேலே ஒரு முடிச்சு மெல்ல மெல்ல நழுவுவதைத் தனுஜா பார்த்தாள். பார்த்துக்கொண்டே தட்டை வைத்தாள்.

கோபுரம் நின்றது. கொடி உயர்ந்தது. கோபுரம் முனகியது. கொடி இறங்கியது. அடுத்த நொடியே பலகையும் தட்டுகளும் சரிந்து ரமேஸின் கைமேல் விழுந்தன.

அவன் கத்தவில்லை. குப்புறக் கிடந்தவனுக்குக் கொடி இறங்கியது தெரியவில்லை. சுற்று இன்னும் முடியவில்லை, சத்தம் போட்டால் புள்ளி போய்விடும் என்று நினைத்து, விரல்கள் இரும்புக்கடியில் நசுங்கிக் கிடக்க, இடக்கைச் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தான். குழுவில் இருந்த றுஷ்தி ஓடிவந்து, "முடிஞ்சிடா! நாம வென்டுட்டோம்டா!" என்று சொன்ன பிறகுதான் அவன் வாயிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைத் தனுஜா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேசியிருந்தால் புள்ளி போயிருக்கும், சட்டம் அப்படி, நான் என்ன செய்வது? இப்படித்தான் அவள் இரண்டு நாளாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழுப் பொய். வாய் திறக்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. கண்ணை மூடியிருந்தால் போதும். எடை ஏற்றும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்பதால் அவர்களே வைத்துக்கொண்ட சைகை அது: ரமேஸ் கீழிருந்து தலையை நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினால், கோபுரம் போனாலும் போகட்டும், அவன் கையை இழுத்துவிட வேண்டும். பயிற்சியில் எத்தனையோ தடவை மூடியிருக்கிறாள். எத்தனையோ கோபுரம் விழுந்திருக்கிறது. அவன் கையில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

அன்றைக்கு அவள் மூடவில்லை. மறக்கவுமில்லை. மூடினால் கையை எடுப்பான், எடுத்தால் கோபுரம் விழும், விழுந்தால் மேசையைத் தட்டிச் சிரித்தவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். நின்றுவிடும், ஒரு கொடி நேரம்தானே என்று நினைத்தாள். அதுவும் நின்றது, கொடி இறங்கும்வரை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் ரமேஸுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அவளிடம் பார்த்தீபன் சேர் வந்து கேட்டார்.

"ரெண்டு விரல் எலும்பு முறிஞ்சிட்டுதாம். ஏன் பிள்ளை, நீ கண்ணை மூடினனிதானே? அவன்தான் கவனிக்கேல்லைப் போல."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லவில்லை. பேசாமல் பொய் சொல்லவும் அவளுக்கு நன்றாகப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அந்தத் தலையாட்டல் எங்கே போய் நின்றது தெரியுமா? புதன்கிழமை சேர் குழுவைக் கூப்பிட்டார். கொழும்பில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"ரமேஸின்ரை இடத்துக்கு வேறை ஒரு ஆளை எடுப்பம்" என்றார்.

"அதுக்குள்ள அவன்ட கை சரியாயிடும் சேர்" என்றான் றுஷ்தி.

"கை சரியாகும். கவனம் சரியாகுமோ? சைகை குடுத்தும் பாக்காமல் கிடந்த பெடியனை நம்பி நான் கூட்டிக்கொண்டு போகேலாது. இன்னொருக்கா ஏதும் நடந்தால் தாய் தகப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

சேர் கெட்டவர் இல்லை. அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் தனுஜாவுக்குத் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுக் கல்யாண ஊர்வலம் புறப்பட்ட மாதிரி, ரமேஸின் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு, ரமேஸை விட்டுவிட்டு இவர்கள் கொழும்புக்குப் போகப்போகிறார்கள். இப்போது எந்தச் சட்டமும் அவள் வாயைக் கட்டவில்லை. எந்த நடுவரும் பார்க்கவில்லை. இருந்தும் அவள் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வியாழக்கிழமை நினைத்தாள், வெள்ளிக்கிழமையும் நினைத்தாள். இரண்டு நாளும் சேரின் முன்னால் போய் நின்று, கொப்பியைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லையே என்று முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை பகல் அவள் ஸ்பிரிங்வெளிக்கு இறங்கினாள். அவள் வீடு இருக்கும் மேல் டிவிசனிலிருந்து ரமேஸின் லயத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப்பாதை உண்டு. வழியெல்லாம், முதலில் எதைச் சொல்வது, பிறகு எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள்.

ரமேஸின் அம்மா விஜயலெட்சுமி மலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். தனுஜாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வாம்மா. நல்ல நேரத்துல வந்த. நீயே இவனுக்குப் புத்தி சொல்லு. ரெண்டு கண்ணு இருந்தும் பாக்காம கையக் குடுத்துட்டு வந்திருக்கான். ஒக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

ரமேஸ் வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையை ஒரு பழைய துண்டில் தொங்கவிட்டிருந்தான். இவளைப் பார்த்து எழுந்துவிட்டான். கோபமாக இருப்பான் என்று பயந்து வந்தவளுக்கு, அவன் கூச்சத்தோடு சிரித்தது இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"கோவமா இருக்கியா தனுஜா? என்னால கொழும்புல உங்களுக்குக் கஷ்டமாப் போயிரும். புது ஆளுக்குக் கட்டு கட்டப் பழக்கணும்."

"எனக்கு என்ன கோவம்?" என்றாள்.

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சத்தியமா. உன் கண்ணு தொறந்துதான் இருந்திச்சுன்னு எனக்கு ஞாபகம். ஆனா நீ மூடுனன்னு சேர் சொன்னாரு. நீ ஏன் பொய் சொல்லப்போற? அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு." அவன் இடக்கையால் கண்ணைத் தேய்த்தான். "திங்கக்கிழமை பதுளையில கண்ணு கிளினிக்குக்குப் போறோம். அம்மா அன்னைக்கு வேலைக்குப் பேரு போடாம லீவு கேட்டிருக்கு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் தனுஜாவுக்கு மறந்துபோனது. தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல், இவள் தலையாட்டலை நம்பியிருக்கிறான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"கிளினிக்குக்குப் போகாத" என்றாள்.

"ஏன்?"

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் மூடல."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம்.

"அம்மா! எனக்கு ஒண்ணுமில்லம்மா! நான் பாத்தது சரிதான்! தனுஜா கண்ண மூடவே இல்லையாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். கத்திக்கொண்டே இவள் பக்கம் திரும்பினான். திரும்பியவனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"ஏன் மூடல?" என்றான்.

சட்டம், பதற்றம், மறதி என்று எத்தனையோ பதில்கள் அவள் நாக்கு நுனிவரை வந்தன. அவள் அவற்றை விழுங்கினாள்.

"முடிச்சு நழுவுறத நான் பாத்தேன். உனக்குச் சைகை காட்டுனா கோபுரம் விழுந்திரும். இன்னொரு தட்டு வச்சா அவங்கள முந்திரலாம்னு தெரிஞ்சிச்சு. பாத்துட்டுத்தான் வச்சேன், ரமேஸ். அப்புறம் சேர் கேட்டப்பவும் தலைய ஆட்டிட்டேன்."

விஜயலெட்சுமி கதவடியில் வந்து நின்றது இருவருக்கும் தெரியவில்லை. ரமேஸ் கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தான்.

"நீ மூடியிருந்தாலும் நான் கைய எடுத்திருக்க மாட்டேன்" என்றான். "அந்த டவுன்காரனுங்களத் தோக்கடிக்கணும்னு உனக்கு மட்டுமா ஆச?"

தனுஜாவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

"ஆனா இது என் கை, தனுஜா. எடுக்கிறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? எனக்கும் சேத்து நீயே பண்ணிட்ட."

"திங்கக்கிழமை சேர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"சொல்லு" என்றான். மறுபடியும் பலகையில் உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஜயலெட்சுமி இரண்டு கோப்பைத் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். ஒன்றை மகனின் இடக்கைப் பக்கம் வைத்தாள். மற்றதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.