பதினான்கு பேர் புளி தட்டிய நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இண்டூர்ச் சந்தை வரைக்கும் பேர். இருக்கட்டும். வருஷா வருஷம் நாற்பது புளியமரத்தைக் குத்தகைக்கு எடுத்து, பதினான்கு பெண்களை வைத்து ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கிறவள் மெல்லப் பேசினால் வேலை எப்படி ஆகும்?

எண்பத்தொன்றாம் வருஷம் மாசியில், என் களத்தில் ராஜமேரி மட்டும் பழத்தை விட்டுவிட்டு வெறும் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் புருஷன் சவரிமுத்து, கல் குவாரியில் கூலி கூட்டித் தரச்சொல்லி ஊரைச் சேர்த்து மனு எழுதினவன். பத்து நாளுக்கு முன்பு பட்டப்பகலில், களத்தில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, அவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி ஒரு பேரே எங்களிடம் இல்லை என்றார்கள். ஆறடி ஆளை முழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை, பாவிகள்.

தருமபுரியில் அருள்நாதன் என்று ஒரு வக்கீல். மனித உரிமைக் குழு என்று நாலைந்து பேர் சேர்ந்து வைத்திருந்தார்கள். ராஜமேரியை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மெட்ராஸ் கோர்ட்டில் மனு போடலாம், ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். குழு எங்கள் ஊருக்குள் காலெடுத்து வைக்கத் தடை. இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகத்தை மிரட்டிப் பூட்டவைத்துவிட்டார்கள். நாலு பேருக்கு மேல் கூடினால் கைது என்று தண்டோரா வேறு. டீக்கடையில் ஐந்தாவதாக வந்தவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குடித்தான்.

"ஆளுங்கள எங்க வச்சுப் பாக்கறதுன்னுதான் தெரியலீங்க" என்றார் வக்கீல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினம் பதினான்கு பேர் என் களத்தில் கூடுகிறார்கள். ஒரு போலீஸாவது எட்டிப் பார்த்ததுண்டா? பெண்கள் உட்கார்ந்து வேலை செய்தால் அது அவர்கள் கணக்கில் கூட்டமே கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வக்கீல் வந்து இறங்கினார். அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, கையில் கோணிப்பை. பைக்குள் பேப்பரும் மைப்பெட்டியும். புளிமூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து போய்ப் பார்த்ததைச் சொன்னாள், விரலை உருட்டிவிட்டு வந்து தட்ட உட்கார்ந்தாள். ராயம்மாள் மட்டும் ஜீப்பை விட்டுவிட்டுத் தன் மாமியார் கதையை ஆரம்பித்தாள். நான் அதட்டினதும் ஜீப்புக்கு வந்தாள்.

பதினான்காவது கைநாட்டு விழுந்த நேரம் ஜீப் சத்தம் கேட்டது. பேப்பர் கட்டை வெடுக்கென்று பிடுங்கிக் கூடைக்குள் போட்டு, மேலே கொட்டை எடுத்த புளியை அள்ளிவைத்து அமுக்கினேன். வக்கீல் கையில் புளி தட்டுகிற கட்டை ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்தார். நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தெரியாதா என்றார். புளி தானாக ஓடு உடைத்துக்கொள்ளுமா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் கண் வக்கீல் மேல் போனது. மனுஷன் ஒரே போடாகப் போட்டுக் கொட்டையும் தோலும் கூழாக்கி வைத்திருந்தார். எனக்குப் பயம் போய் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஏண்டா, உன்ன வேலைக்கு அனுப்புனவன் எவன்டா? எம் புளிய நாசம் பண்ணிட்டியே" என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டருக்கே பொறுக்கவில்லை. கட்டையை வாங்கி, இப்படிப் பட்டும் படாமலும் தட்டணும் என்று நாலு பழத்தை உடைத்துக் காட்டினார். நன்றாகத்தான் உடைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கண்டிப்பைக் காட்ட வேண்டுமே, பெண்கள் பதினான்கு பேரையும் பேர் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஜீப் போனதும் கூடையைக் கவிழ்த்தேன். பேப்பரெல்லாம் புளி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நாரும் பிசுக்குமாக. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபடி எழுத வழியில்லை. ஜீப் மறுநாளும் வரும்.

"இது செல்லுங்களா அக்கா?" என்று கேட்டாள் ராஜமேரி. ஆனது ஆகட்டும் என்று, முந்தானையால் ஒவ்வொரு தாளாகத் துடைத்து வக்கீல் பையில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து நானும் அவளும் வக்கீலோடு மொரப்பூரில் ரயிலேறி மெட்ராஸ் போனோம். கோர்ட்டில் அரசாங்க வக்கீல் ரொம்பத் தெம்பாக இங்கிலீஷில் பேசினார், எங்கள் வக்கீல் காதோடு தமிழில் சொன்னார். ஊரில் தடை உத்தரவு இருக்கிறது, யாரும் கூடவே முடியாது, இதெல்லாம் குழுக்காரர்கள் பட்டணத்தில் உட்கார்ந்து ஜோடித்தது என்றார். அத்தாட்சிக்கு இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டையும் நீட்டினார். அதில் எழுதியிருந்தது: அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் காசியம்மாள் (அது நான்தான்) களத்தில் பதினான்கு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள், கூட்டம் எதுவும் நடக்கவில்லை. கீழே பதினான்கு பெண்களின் பேரும்.

நீதிபதி எங்கள் பேப்பரை எடுத்தார். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்தார். ஒரு புளியங்கொட்டை மேசையில் விழுந்து உருண்டது. விரலை மோந்து பார்த்தார். ரிப்போர்ட்டில் இருந்த பேரையும் கைநாட்டுக்குக் கீழே இருந்த பேரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தேதியையும் பார்த்தார். பதினான்கும் பொருந்தியது.

"பட்டணத்தில் ஜோடித்ததில் புளி எப்படி வந்தது?" என்று தமிழிலேயே கேட்டார்.

அரசாங்க வக்கீல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் கும்பிடு போட்டேன். இரண்டு நாளில் சவரிமுத்துவைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று உத்தரவானது. அப்படி ஒரு பேரே இல்லை என்றவர்கள் இரண்டாம் நாள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்திருந்தான், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். ஆனால் வந்தான். விட்டுவிடச் சொல்லி அங்கேயே உத்தரவு. ரயிலில் ராஜமேரி அவன் சட்டையை ஊர் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், என்னவாம்?

அரசாங்கம் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் புது உத்தரவோடு வந்தார். நாலு பேருக்கு மேல் புளி தட்டுவதென்றால் பேர்ப்பட்டியலோடு மனுக் கொடுத்து, அவர் கையெழுத்து வாங்க வேண்டுமாம். தாராளமாக என்றேன். மனு எழுதச் சவரிமுத்துவையே கூப்பிட்டேன். பதினான்கு பேரையும் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனான்.

"பதினஞ்சாவதா உம் பேர எழுதுடா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியைப் பார்த்தார், அப்படி ஒரு பேரே இல்லை என்று அவர் ஸ்டேஷன் சொன்ன பேர். கோர்ட்டு ஞாபகம் வந்திருக்கும். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ராஜமேரிக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பேப்பரை வாங்கி, அவன் பேர் எது என்று என்னைக் கேட்டு, கடைசி வரியில் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு ஒரு அடிகூட வெறும் கல்லில் விழவில்லை.