குளிர் தெரிகிற படம்

"அப்ப கையுறையும் போட்டுக்கிட்டா படுத்திருந்த?"

"கையுறை, கம்பளித் தொப்பி, ரெண்டு ஜோடி காலுறை. ஏர்கோன பதினாறுல வச்சேன் அத்தை. கேமராவையும் தலகாணி பக்கத்துலயே வச்சிக்கிட்டேன்."

"அதுக்கும் போர்த்தி விட்டியா இல்லியா?"

"சிரிக்காதீங்க லா."

"சிரிக்கல புள்ள. உங்கப்பன் சின்ன வயசுல தூறல் போட்டாலே லயத்த விட்டு வெளிய வரமாட்டான். அவன் பெத்தது ஜப்பானுக்குப் போயி பனியில நிக்கப்போவுதுன்னு காலையில பேர் கூப்பிடற பெரட்டுல சொன்னா, எவ நம்புவா?"

பஞ்சாலை சிரிக்கத்தான் செய்தாள். காருக்குள் ஏர்கோன் முழு வேகத்தில் சீறிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, தன் அண்ணன் மகளை ஒரு தினுசாகப் பார்த்தாள். ஷாமினியோ உதடு வெளுத்துப்போய், மடியில் கேமராவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தான் குடியிருக்கும் ராசாவிலிருந்து அத்தையின் தோட்டம் இருக்கும் ரந்தாவ் வரை ஏர்கோனைக் குறைக்காமல் ஓட்டி வந்திருந்தாள். குளிர் பழக வேண்டும் என்றால் பழகத்தான் வேண்டும்.

ஷாமினிக்குக் குளிர் என்பது இதுவரை புத்தகத்தில் இருந்த சங்கதி. எங்கெங்கோ எழுதப்பட்டு யார் யாரோ தமிழாக்கிய நாவல்களில், ஆட்கள் வாசலில் நின்று மேலங்கியின் பனியை உதறிவிட்டு உள்ளே வருவார்கள். ஆறு உறைந்து கிடக்கும். குதிரையின் மூக்கிலிருந்து புகை வரும். படிக்கப் படிக்க அவளுக்கு ஆசை மூளும். ஆனால் கண்ணை மூடிப் பனியை நினைத்துப் பார்த்தால் பசாரில் மீன்காரரின் ஐஸ் பெட்டி வாடைதான் வரும். அந்தப் பக்கங்களுக்குள் ஒரு தடவையாவது நுழைந்து பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தாள்.

அதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. சிரம்பானில் பல் மருத்துவராக இருக்கும் பிரேமநாதன் நடத்தும் படக்குழு, மாசி வாக்கில் ஜப்பானின் வடக்குக்குக் கிளம்புகிறது. பனிவெளியில் ஜோடி ஜோடியாக ஆடும் நாரைகளைப் படமெடுக்க. குழுவில் ஒருவர் முழங்கால் வலி என்று விலகிவிட, ஓர் இடம் காலி. கேட்டது இரண்டு பேர். ஒன்று ஷாமினி. இன்னொன்று ஜெயசங்கர், அவர் ஏற்கனவே சுவிட்சர்லாந்தின் பனியில் நின்றவர்.

"குளிரே தெரியாத ஆள அங்க கூட்டிட்டுப் போயி நான் என்னம்மா பண்றது?" என்று பிரேமநாதன் அவளிடம் நேராகவே சொல்லியிருந்தார். பிறகு மனம் இளகி, "ஒண்ணு செய்ங்க. நம்ம நெகிரி மாநிலத்துலயே எடுத்த ஒரு படம், பார்த்தா எனக்குக் குளிரணும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க" என்றார்.

இன்று சனிக்கிழமை. இரவெல்லாம் கொட்டிய மழை சற்று முன்புதான் ஓய்ந்திருந்தது; இன்னும் விடியவில்லை. இந்த வருடக் கடைசி மழைக்குத் தோட்டத்தில் எல்லோரும் ஸ்வெட்டர் போடுவார்கள். பஞ்சாலையும் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களை மேய்க்கும் மண்டோர் அவள்தான். பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அந்தா, அந்தக் கம்பத்து மேல பொட்டி தெரியுதா? எலி புடிக்கற ஆந்தைக்கு, அதான் பூரோங் ஹந்துக்குன்னு கம்பெனி வச்ச பொட்டி. உள்ள குஞ்சு இருக்கு. பூரோங் ஹந்து வெளிச்சம் வர்றதுக்குள்ள கடைசி எலியக் கொண்டாந்து குடுத்துட்டுத்தான் அடங்கும். இறங்கு, இறங்கு."

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, கார் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் மரப்பெட்டி. உள்ளிருந்து புஸ்ஸென்று குஞ்சுகளின் இரைச்சல். பஞ்சாலை முன்னால் போய்க் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஷாமினி கதவைத் திறந்து இறங்கினாள். வெளியே காற்று ஈரத் துணி போல முகத்தில் படிந்தது. அதே நேரம் ஓலைகளுக்கு அடியிலிருந்து அது வந்தது. வெள்ளை முகம், அகல விரிந்த சிறகு, காலில் தொங்கும் எலி. சிறகடிக்கும் சத்தமே இல்லை.

அவள் கேமராவைக் கண்ணுக்கு வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை. பால் ஊற்றியது போல ஒரே வெள்ளை.

ஆனாலும் விரல் அழுத்திவிட்டது. சட்டை நுனியால் கேமராவின் முன் கண்ணாடியைத் துடைத்தாள். தெளிந்தது, ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தாள், மறுபடி மூடிக்கொண்டது. கூகை பெட்டிக்குள் நுழைந்து, இரையைக் கொடுத்து, இருளோடு இருளாகப் போய்விட்டது.

"என்ன புள்ள, எடுத்தியா?"

"கேமராவுல ஒண்ணும் தெரியல அத்தை."

பஞ்சாலை வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கண்ணுல பூ விழுந்துடுச்சே இதுக்கு" என்றாள்.

ஷாமினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலை பார்ப்பது சிரம்பானில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குளுகுளு கடையை விட்டு வெளியே கால் வைக்கும் ஒவ்வொருவரும், படிக்கட்டிலேயே குருடாகி நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். அதை அவள் தினம் பார்க்கிறாள், தினம் சிரிக்கிறாள். ராத்திரி முழுக்கக் கேமராவைச் சில்லிட வைத்து, வழியெல்லாம் சில்லிட வைத்து, இந்த ஈரத்துக்குள் கொண்டுவந்து நீட்டியது அவளேதான். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் இதுவும் இருந்தது: வெளியே குளிரில் நின்ற கேமராவைச் சூடான வீட்டுக்குள் திடீரென்று கொண்டுபோகாதே. அவர்களுக்கு வீடுதான் சூடு. அவளுக்கு நாடே அந்தச் சூடான அறை என்பது புத்தியில் ஏறவில்லை.

பஞ்சாலை பெரட்டுக்குப் போய்விட்டாள். ஷாமினி கேமராவைக் கார் மூக்கின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வட்டம் தெளிந்துகொண்டு வந்தது.

வெளுக்கும் நேரத்தில் காக்கைகளின் கூச்சல் கேட்டது. நாலைந்து சேர்ந்து கூகையை விரட்டிக்கொண்டு வந்தன. அது தாழ்ந்த ஓலைக்குள் புகுந்து, ஒரு காலை மடக்கி, நனைந்த இறகுகளை உப்பிக்கொண்டு ஒடுங்கியது. இப்போது கண்ணாடி தெளிவாக இருந்தது. எடுத்தாள். ஆனால் ஓர் ஓலை அதன் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது.

காருக்குள் உட்கார்ந்து எடுத்தவற்றைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. எங்கும் வெண்மை. நடுவில் மங்கலாக ஒரு கம்பம். அதன் அடியில் தொப்பியும் துண்டுமாக அண்ணாந்து நிற்கும் ஓர் உருவம். மேலே அந்த வெண்மைக்குள்ளேயே இன்னும் வெளுப்பாக விரிந்த இரண்டு சிறகுகள். அத்தை ஏதோ வடதேசத்துப் பெண் போல நின்றாள். ஷாமினியின் தோளில் நிஜமாகவே சிலிர்த்தது.

அதைக் கைப்பேசிக்கு மாற்றி, ஒரு வார்த்தையும் எழுதாமல் பிரேமநாதனுக்கு அனுப்பினாள்.

அவர் உடனே கூப்பிட்டார்.

"ஷாமினி, இது எங்க எடுத்தது?"

"ரந்தாவ் பக்கம்ண்ணே. எங்க அத்தை வேலை செய்ற தோட்டம்."

"ரந்தாவ்லயா இவ்வளவு மூடுபனி? நான் பிறந்ததுலேருந்து பார்த்ததில்ல. என் வீட்டுக்காரி நீலாவதிகிட்ட காட்டினேன், அவ காப்பிய கையிலயே வச்சிக்கிட்டு நிக்கிறா. நல்லா எடுத்திருக்கீங்க. ஜெயசங்கர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இடம் கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு சொல் போதும். கார்க் கண்ணாடிக்கு வெளியே பெரட்டு முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பஞ்சாலை யாரிடமோ எதையோ சொல்லிக் காரைக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்தில் ஒரு பொட்டு மூடுபனியும் இல்லை. ஒவ்வொரு மரமும் ஈரத்தோடு துல்லியமாக நின்றது. ஷாமினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் போகத் துடிக்கிறாள்; போவதற்கு ஒரு பொய்ப் பனியைக் காட்டிவிட்டுப் போனால், அங்கே நிஜத்தின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

"அண்ணே, அது மூடுபனி இல்லண்ணே."

"பின்ன?"

"ஏர்கோன். ராத்திரி பூரா கேமராவ பதினாறுல வச்சிருந்தேன், குளிரு பழகுறதுக்குன்னு. வெளிய எடுத்ததும் கண்ணாடி மூடிக்கிச்சு. ஆந்தை வந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. குருட்டுத்தனமா அமுக்குனதுதான் அது."

பேசிக்கொண்டே கேமராவில் கூகையின் படத்தைத் தேடி எடுத்தாள்.

"அப்புறம் காத்திருந்து ஒண்ணு எடுத்தேன். காக்கா துரத்தி, நனைஞ்சு போயி உட்கார்ந்திருக்கு. மூஞ்சில பாதி ஓலை மறைக்குது, ஆனா அது நெஜமாவே குளிர்ல நடுங்குச்சு. அதையும் அனுப்புறேன். ரெண்டையும் பாருங்க. அங்க வெளிய நின்னுட்டு ரூமுக்குள்ள வர்றப்ப கேமராவுக்கு என்ன ஆகும்னு இனிமே எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்ண்ணே. அந்த சீட்ட எனக்கே குடுங்க."