மழையில் உதறும் காண்டாமிருகம்

சாலை நனைந்தால் போதும், கோசாசியின் வேனுக்கு உதறல் எடுத்துவிடும். வெயிலில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். ஈரத்தில் வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் துடிக்கும், இருக்கை கிடுகிடுக்கும், பக்கத்தில் இருக்கும் மனைவி லிலிஸின் தொங்கட்டான்கள் தாளம் போடும். அவர் வசிப்பதோ போகோரில். அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு தவறினாலும் மழை தவறாது.

வேறு யாராவது என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்திருப்பார்கள். கோசாசி 'போகோர் காண்டாமிருகங்கள்' என்ற வேன் சங்கத்தின் தலைவர். ஒரே மாதிரிப் பழைய வேன் வைத்திருப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடி, அடுத்தவர் இஞ்சினைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவதே சங்கத்தின் பணி. அங்கே வயது பார்ப்பதில்லை. எல்லோருக்கும் எல்லோரும் மாமா. விதிகளை எழுதியவர் தலைவர்தான். ஊர்வலத்தில் தலைவர் வண்டி முதலில் போகும் என்பது முதல் விதி. பழுதான வண்டி கடைசியில் வரும் என்பது இரண்டாவது. இரண்டும் தன் வண்டியிலேயே முட்டிக்கொள்ளும் என்று எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை.

உபதலைவர் குமிலாருக்கு மட்டும் தோன்றிவிடக் கூடாது. அந்த மனிதர் முதல் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்.

ஆகவே கோசாசி ரகசியமாகவே வைத்தியம் பார்த்தார். டயர்களை மாற்றினார். பிரேக் தட்டுகளைக் கடையச் சொன்னார். கடைசியில், ஒரு வெயில் காலையில், சக்கரம் பார்க்கும் அசியோங்கிடம் போய் நின்றார். அசியோங் சக்கரத்தை மூடும் வீல் கப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவை சங்கத்தின் எல்லா வண்டிகளுக்கும் தலைவரே வரைந்து வார்க்கச் சொன்ன, கொம்பு துருத்திய காண்டாமிருக முகங்கள். பிறகு சக்கரங்களைச் சமநிலை பார்க்கும் எந்திரத்தில் சுழற்றினார்.

"சுத்தமா நிக்குது பாஸ். வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்க வேணா ஒரு தடவ ரத்தக்கொதிப்பு பாத்துக்குங்க."

ரத்தக்கொதிப்பு அந்த நிமிடத்தில்தான் ஏறியது.

இந்த லட்சணத்தில் வருடாந்திர ஊர்வலம் வந்தது. போகோரிலிருந்து சுகாபூமி வழியாகத் தென்கடற்கரை வரை, எல்லோரும் குடும்பத்தோடு. சுங்கச்சாலையில் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. கோசாசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கண் வேக முள்ளில், ஒரு கண் கண்ணாடியில். எழுபத்தைந்தில் பிடித்து வைத்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

"காண்டாமிருகங்களே, பாதுகாப்பு கருதி வேகம் குறைக்கப்படுகிறது."

"ரொம்ப நல்ல முடிவு தலைவர் மாமா!" என்றார் குமிலார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எதற்கும் தலையாட்டியதே இல்லை. அது கோசாசியை இன்னும் கலக்கியது.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சோ?"

"ஸ்டியரிங்க பிடிங்க காங்" என்றாள் லிலிஸ். கணவரை அவள் 'காங்' என்றுதான் கூப்பிடுவாள்.

ஓய்விடத்தில் எல்லோரும் வறுத்த வாழைப்பழத்துக்குப் பாய்ந்தார்கள். கோசாசி மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரைக்கடியில் தரை காய்ந்திருந்தது. சக்கரங்களுக்குக் கீழே மட்டும் சொட்டுச் சொட்டாக ஈரம். குனிந்து காண்டாமிருகத்தின் கொம்பை அமுக்கினார். சட்டையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

கப்பைப் பிடுங்கித் திருப்பினார். கொம்பின் பொந்துக்குள், சடசடக்காமல் இருக்கட்டும் என்று அவரே அடைக்கச் சொன்ன ஸ்பாஞ்சு, குடித்த மழையோடு கனத்துக் கிடந்தது. கொம்பு நடுவில் இல்லை. கம்பீரமாக ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. ஒரு பக்கம் கனத்தால் சக்கரம் உதறாமல் என்ன செய்யும்? அசியோங் கண்ட வெயில் நாளில் கப்பும் காய்ந்திருந்தது, சக்கரத்திலும் இல்லை.

அடுத்த வண்டியின் கொம்பை அமுக்கினார். தண்ணீர். அதற்கடுத்தது. தண்ணீர். சங்கத்தின் அத்தனை வண்டிகளும் மழையில் உதறிக்கொண்டுதான் ஓடியிருக்கின்றன; அத்தனை நிபுணர்களும் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சொன்னால் தலைமை போய்விடும். சொல்லாவிட்டால், பின் இருக்கையெல்லாம் குழந்தைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. கோசாசி அதில் புகுந்தார்.

"தென்கடல் ராணியோட எல்லைக்குள்ள போறோம்" என்று தொண்டையைச் செருமினார். கடலை ஆளும் அந்தத் தெய்வம் பச்சை உடுத்தியவர்களை அலைக்குள் இழுத்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. "பச்சைச் சட்டை போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கொம்பு காட்டுறதும் மரியாத இல்ல. எல்லாரும் வீல் கப்ப கழட்டிடுங்க."

பக்தியோடு கழற்றினார்கள். அதற்குப் பிறகு மழையிலும் வண்டிகள் பூப்போல ஓடின. ராணியின் அருள் என்று வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டார்கள். குமிலார் ராணிக்கு நன்றியே சொன்னார்.

திரும்பும் வழியில் அதே ஓய்விடம். வானம் கறுத்து, முதல் தூறல் விழுந்தது. குமிலார் கப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ராணி எல்லை தாண்டியாச்சு தலைவர் மாமா. ஊருக்குள்ள நாம கொம்போடதான் நுழையணும்."

"இன்னும் கொஞ்ச தூரம்..."

"சுங்கம் கட்டிட்டு ராணி போகோர் வரைக்குமா வரப்போறாங்க?"

சிரிப்பு எழுந்தது. அதற்குள் நாலைந்து பேர் கப்பை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். குமிலார் வேனின் பின்கண்ணாடியில் அவர் மகள் மூக்கை அழுத்தி அழகு காட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஈரச்சாலை, லாரிகள், இறக்கம்.

"மாட்டாதீங்க!" கோசாசியின் குரல் கீச்சென்று போயிற்று. "ராணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்பாஞ்சு தண்ணி குடிக்குது. அதான் உதறுது. நான் அடைக்கச் சொன்ன ஸ்பாஞ்சு."

மாட்டிக்கொண்டிருந்த கப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அப்ப என் வண்டி மட்டும் இல்லயா?" என்றார் பல் வைத்தியர் யாயாட்.

"நான் ஷாக் அப்சார்பர் மாத்தினேனே!"

"நான் வண்டிய விக்கவே விளம்பரம் குடுத்துட்டேன்!"

"நான் பொண்டாட்டி கனம்தான்னு நெனச்சு அவள பின்னாடி உக்கார வச்சேன்."

"என்ன நெனச்சீங்க?" என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சிரித்து ஓய்ந்ததும் குமிலார் மெல்ல ஆரம்பித்தார். "இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு. பழுதானது கடைசியில வரணும்."

"இப்ப வண்டியில பழுது இல்லையே மாமா" என்றார் கோசாசி.

"வண்டிய யாரு சொன்னா?"

கோசாசி கடைசியில் போனார். மழை அடித்துக் கொட்டியது. ஸ்டியரிங் அசையாமல் நின்றது. அவருக்குத்தான் கால் நிலைகொள்ளவில்லை. முன்னால் விளக்குகள் எண்பதைத் தாண்டிப் பறந்தன. வாக்கி டாக்கியில் புதுத் தலைவர் குமிலாரின் குரல் செருமியது.

"காண்டாமிருகங்களே! புதுச் சின்னம் யோசிச்சுட்டேன். சக்கரத்துல வேண்டாம், கூரை மேல வைப்போம். பித்தளைக் கொம்பு, ரெண்டடி."

"அபாரம் மாமா!" என்று பல குரல்கள்.

கோசாசி லிலிஸின் பக்கம் திரும்பினார். "ரெண்டடி பித்தளையா? எதிர்க்காத்துல கூரையே ஆடுமே."

"அத அவங்ககிட்ட சொல்லுங்களேன் காங்."

"கடைசி வண்டி குறுக்க பேசக்கூடாது. விதி."

"யாரு எழுதினது?"

கோசாசி வைப்பரை இன்னும் வேகமாக முடுக்கிவிட்டார்.