வளர்வதை நிறுத்தாத தாடை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கோணல் என்பது இந்த உலகத்தைவிட்டு நிரந்தரமாக ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தவர் முக அறுவைச் சிகிச்சை நிபுணர். ஆஸ்பத்திரியில் அவருக்குச் 'சிற்பி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அவரேதான் என்பது நர்சுகளின் கட்சி.

கோணலுக்குச் சொந்தக்காரி பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்வாள். இருபது வயது தாண்டியபிறகு அவளுடைய தாடை இடப்பக்கம் மட்டும், வேறு வேலை இல்லாததுபோல, வளர ஆரம்பித்தது. முகவாய் வலப்பக்கம் ஒதுங்கியது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஆயின. 'ச' வரவேண்டிய இடத்தில் காற்று வந்தது. பயணிகள் குழம்புகிறார்கள் என்று மேலாளர் ஒருநாள் இதமாகச் சொல்லிவைத்தார். கூண்டு போய்விடுமோ என்பது அவள் கவலை. அழகெல்லாம் அம்மாவின் கவலை.

பல்லுக்குக் கம்பி போடும் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். காதுக்கு முன்னால், தாடை மூட்டில், ஒரு புள்ளி விளக்குப்போல எரிந்தது. எலும்பு இன்னும் வளர்கிறது, அது அடங்கும்வரை பொறுக்கவேண்டும், இல்லையென்றால் வளரும் நுனியை முதலில் செதுக்கி எடுக்கவேண்டும் என்று அவளிடமும் அம்மாவிடமும் விளக்கினார். சிற்பிக்கு டாக்டர்கள் மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் தானா அடங்கிடும்மா," என்றார். அவ்வளவு பெரியவர் சொன்னபிறகு என்ன என்று அம்மா தலையாட்டினாள். சிற்பி தாடையை அறுத்து, நடுவுக்கு நகர்த்தி, தகடு வைத்துத் திருகினார். டாக்டரம்மா மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. மாநாட்டுக் கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது.

வீக்கம் வடிந்ததும் படம் எடுத்தார்கள். நூல் பிடித்த மாதிரி முகம். அவள் கூண்டுக்குத் திரும்பி, 'ச' வருகிற ஊர்ப்பெயர்களை வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு கடைவாயில் ஒரு பருக்கை நுழையும் இடைவெளி. கொஞ்சநாளில் நாக்கே நுழைந்தது. சிற்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ரப்பர் மாட்டறதில்லையா?" என்றார். மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் நடுவே இழுத்து மாட்டுகிற சின்ன வளையங்கள். மாற்று மாட்டும் நேரம் தவிர அவள் கழற்றியதே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் அவள் வாய். அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கையுறை கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். வீடு வந்து சேரும்வரை அம்மா அர்ச்சனை செய்தாள்: "டாக்டர் பொய்யா சொல்வாரு? உனக்குத்தான் எதிலயும் அக்கறை கிடையாதுடி."

மாநாட்டுக்கு அவளையும் வரவழைத்தார்கள். திரை நிறைய அவள் முகம், நூல் பிடித்த அந்த முகம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிற்பி அவளை மேடைக்குக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து, திரும்பி வந்திருந்த கோணல் தெரியாதபடி பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். ரெண்டு வார்த்தை சொல்லும்மா என்றார்.

மைக் அவளுக்குப் புதிதில்லை. மைக்குக்கு முன்னால் முகத்தைக் காட்டுவதுதான் புதிது. கூட்டத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"அது பழைய படம் சார். ரப்பரை நான் கழட்டவே இல்ல. எலும்பு இன்னும் வளருதுன்னு அதோ, அந்த டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க."

'ச' வந்த இடங்களில் மைக் சீறியது. முன்வரிசையில் டாக்டரம்மா தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கி, டீ தயார் என்று அறிவித்தார்.

டீயில் சர்க்கரை கம்மி என்பதுதான் அன்றைக்கு எழுந்த ஒரே ஆட்சேபணை.

அடுத்த வாரம் கூண்டில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.