எண்பது பர்சென்ட் தள்ளுபடியில் சூரியன்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலையை நம்புகிற ஒருத்தரைக் காட்டுங்கள், அவருக்கு என் கையால் பிரியாணி ஆக்கிப் போடுகிறேன். பெட்டியில் ஆயிரம் ரூபாய் என்று இருக்கும். கடை வாசலில் 'எண்பது சதவீதம் தள்ளுபடி' என்று போர்டு தொங்கும். வெளியூர்க்காரர் இருநூறைக் கொடுத்துவிட்டு, எண்ணூறு மிச்சம் என்று மதுரை வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார். உண்மையான விலையே இருநூறுதான். இங்கே தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பெட்டியை ஒட்டுகிறவளே நான்தான்.

ரோஷன் பேகம் வீடு எது என்று விஸ்வநத்தம் ரோட்டில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கூடவே, "பேச்சு மட்டும் குடுத்துராதீக" என்றும் சொல்லி அனுப்புவார்கள். சொல்லட்டும். நானும் குருவம்மாளும் என் வீட்டு முன்னறையில் டப்பா ஒட்டுகிறோம். அவள் முன்னே தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவள். கையும் வேகம், வாயும் வேகம், எனக்குச் சரியான ஜோடி.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அச்சடித்த அட்டையை டப்பா வடிவத்தில் வெட்டித் தரும் பஞ்சிங் மிஷின் எங்களிடம் இல்லை. அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே எங்களுக்கு எப்போதும் கடைசி முறை. பெரிய கம்பெனி லோடு முடியணும், சின்னக் கம்பெனி லோடு முடியணும், எல்லாரும் டீ குடித்து முடியணும், அப்புறம்தான் "இதென்ன, உங்களுதா?" என்று கேட்பார்கள். இப்படி நின்று நின்றே சீசனில் பாதி ஆர்டர் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது.

ஒச்சப்பன் அண்ணன் பட்டறையை மூடப் போவதாகவும், அவருடைய பஞ்சிங் மிஷின் விலைக்கு இருப்பதாகவும் கேள்விப்பட்டதும் நாங்கள் இருவரும் ஓடிப்போய் நின்றோம். நல்ல மனிதர். "ஆடிப் பதினெட்டு வரைக்கும் வேற யாருக்கும் தர மாட்டேன், அதுக்குள்ள கொண்டாங்க" என்றார். நானும் குருவம்மாளும் பாதிப் பாதியாகச் சேர்த்து வைத்திருந்தது அந்த விலையில் முக்கால்வாசிக்குத்தான் வந்தது. மீதிக்குக் கடன் வாங்கலாமே என்பீர்கள். வட்டி எங்கள் வீட்டுக்கு ஆகாது. குருவம்மாளுக்கோ, கந்துவட்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும்.

அந்த வருஷம் பார்த்து எங்கும் மந்தம். வெளிநாட்டில் எந்தெந்த பேங்கோ கவிழ்ந்ததாம், அதனால் இங்கே வடக்கத்தி வியாபாரிகள் போனை எடுக்கவில்லை. ஒட்டுவதற்கு டப்பா இல்லாமல் வாரத்தில் பாதி நாள் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் ஜமால் முகம்மது விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார். சாதுவான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பழக்கம், போனில் பங்குச் சந்தை பார்ப்பது. பார்ப்பதோடு சரி. மார்க்கெட்டுக்குப் போய் எல்லா மீனையும் விலை கேட்டுவிட்டுக் கத்தரிக்காயோடு திரும்பி வருகிற ஆள் அவர்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"என்னங்க, யாரும் மௌத்தாயிட்டாகளா?" என்றேன்.

"சோலார் பேனல் செய்யிற கம்பெனி ஒண்ணு. போன வருசம் ஐநூறு ரூவாக்கு வித்த ஷேரு, இப்ப நூறு. வாங்குனவன் பூராம் தலையில கை வச்சு உக்காந்திருக்கான்."

பசை ஒட்டிய கையோடு எழுந்து போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஐநூறு, இன்றைக்கு நூறு. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"ஏங்க, இது எண்பது பர்சென்ட் தள்ளுபடில்ல?"

"தள்ளுபடி இல்லம்மா. விழுந்திருச்சு."

"விழுகவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல. ஐநூறுங்கிறது பெட்டியில போட்ட வெலை. நூறுதான் நெசம். இப்பத்தான் நெச வெலைக்கு வந்திருக்கான். இதுக்குப் போயி அழுவுறாகளாம்!"

அவர் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். குருவம்மாள் விடவில்லை.

"பாய், வெயில்ல கரண்டு எடுக்குற பலகைதானே அது? நம்ம ஊர்ல எது இல்லாட்டியும் வெயிலு இருக்கு. வெயிலை வச்சுத் தொழில் பண்றவன் நட்டப்படுவானா? வாங்கிப் போடுங்க பாய், ஆடிக்குள்ள மிஷின் வெலை தேறிரும்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இது வட்டி இல்லையாம், கூட்டு வியாபாரம் மாதிரியாம், லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் நம்முடையதுதானாம். லாபம் வரைக்கும் நின்று கேட்டேன். நட்டம் என்று ஆரம்பித்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாளே எங்கள் மிஷின் பணம் மொத்தமும் அந்தக் கம்பெனிக்குள் போய் உட்கார்ந்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்குக் காலையிலேயே எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள்.

பங்குனி பிறப்பதற்குள் நூறு ரூபாய் ஷேர் ஐம்பதுக்கு இறங்கிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்ப் பரோட்டா என்றால் உயிர். விருதுநகரிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர், பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். அப்போதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"வித்துருவோம் ரோஷன். பாதியாவது மிஞ்சும்."

"பாதி மிஷினை வாங்கிப் பாதி டப்பா வெட்டவா?" என்று கத்தினேன்.

கத்தினேனே தவிர, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எண்பது பர்சென்ட் தள்ளுபடி என்றால் நியாயமான விலை. அதற்கு மேல் ஒருவன் தள்ளுபடி கொடுத்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: சரக்கு நமத்துப்போய்விட்டது. பற்ற வைத்தால் புஸ் என்று அடங்கிவிடும். யா அல்லா, குருவம்மாளின் பாதியும் அல்லவா அதில் கிடக்கிறது? தீப்பெட்டி ஆபீசில் விரல் தேய உழைத்த காசு. அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது. மறுநாள் அவள் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்னாலேயே நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை.

"நமத்திருச்சுன்னு யாரு சொன்னா? சாம்பிள் போட்டுப் பாத்தீகளா?"

எங்கள் ஊர் வழக்கம் இது. மழைக்குப் பிறகு சரக்கு வாங்குகிறவர் லோடில் ஒரு பெட்டியை உருவி, வெட்டவெளியில் வைத்துப் பற்ற வைப்பார். வெடித்தால் முழு லோடும் ஏறும். வெடிக்காவிட்டால் லாரி வெறுமனே திரும்பும்.

"சோலார் பேனலுக்கு எங்கனடி சாம்பிள் போட?"

"விக்கிற கடை இல்லாமலா போயிரும்? கெளம்புங்கக்கா."

பஸ் பிடித்து விருதுநகரில் இறங்கி, விசாரித்து ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் பிரபாகரனுக்கு முப்பது வயசு இருக்கும், மரியாதையான பிள்ளை. அந்தக் கம்பெனி பேனல் ஒன்று வேண்டும் என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அது இல்லக்கா. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனீகன்னா ரெண்டு மாசத்துல வரும்."

"ஏன், கம்பெனியை இழுத்து மூடிட்டாகளா?" என்று கேட்டேன்.

"மூடவா? ஓய்ச்சல் இல்லாம ஓடுது. வெம்பக்கோட்டைப் பக்கம் பம்புசெட்டுக்குன்னு ஆர்டர் போட்டேன், கேட்டதுல பாதிதான் அனுப்புனாக. ஆலங்குளத்துல ஒருத்தர் தெனமும் போன் போட்டு வையிறாரு."

குருவம்மாள் என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "இந்த ஃபேன் எதுல ஓடுது தம்பி?"

"அந்தக் கம்பெனி பேனல்லதான்க்கா. மாடியில இருக்கு. பேட்டரி கெடையாது, நேரா ஓடுது."

அவ்வளவுதான். மூலையில் கிடந்த கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறிவிட்டாள். "அக்கா, என்ன செய்யிறீக?" என்று பிரபாகரன் பின்னாலேயே ஓடினார். நான் ஃபேனுக்கு அடியில் நின்றேன். மேலே பேனல்மீது சாக்கு விழுந்திருக்க வேண்டும், ஃபேன் சொணங்கிச் சொணங்கி நின்றது.

"நின்னுருச்சுடி!"

"இப்ப?" என்று மாடியிலிருந்து கேட்டாள்.

ஃபேன் மறுபடியும் சுற்றியது. என் முக்காடு பறந்தது. "ஓடுதுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். மறுபடியும் மூடினாள், மறுபடியும் எடுத்தாள். மூன்றாம் தடவை பிரபாகரனே எங்களோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பேனல் வாங்காமலேயே எங்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். "விக்கக் கூடாது. சரக்கு நமக்கலை. கடையில சரக்கே இல்ல. மந்தத்துலயே கெடைக்கலைன்னா சீசன்ல என்ன வெலை போகும்?"

"சரக்கு வேற, ஷேரு வேற ரோஷன். கழுத்து வரைக்கும் கடன் இருந்தா, நல்லா விக்கிற கம்பெனியும் முங்கிரும்."

"அப்ப அதைப் பாருங்க. கணக்கு எழுதுற ஆளுதானே? இங்கன நின்னு என்னையவே பாத்துக்கிட்டிருந்தா?"

அது அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். கைகால் கழுவிவிட்டுப் போனோடு உட்கார்ந்தார். அந்தக் கம்பெனியின் கணக்கைப் பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி பார்த்தார். வெகு நேரம் கழித்து நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"பெருசா கடன் இல்லம்மா இவனுக்கு. கூட்டத்தோட கூட்டமா இவன் ஷேரையும் சேத்து வித்துத் தள்ளிட்டாங்க. பரோட்டா இருக்கா?"

நேற்றே காலி என்றேன். அவருக்காக வைத்திருக்க நான் என்ன மடைச்சியா?

சித்திரை முழுக்க அசையவில்லை. வைகாசியில் நகர ஆரம்பித்தது. ஆனியில் நாங்கள் வாங்கிய விலையைத் தாண்டியது. ஆடி பிறந்து சில நாளில், அல்ஹம்துலில்லாஹ், மிஷின் விலையைத் தொட்டு நின்றது. அதே வாரம் ஒச்சப்பன் அண்ணன் போன் போட்டார். சாத்தூர் ரோட்டில் இருந்து ஒரு பிரஸ்காரர் கையில் பணத்தோடு வந்து நிற்கிறாராம். "வாக்குக் குடுத்திட்டேன், பதினெட்டு வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல என்னையக் கொற சொல்லாதீக தாயி."

விற்றுவிடுங்கள் என்றேன். அதுவரைக்கும் விற்போம் விற்போம் என்று உயிரை வாங்கிய மனுஷன், இப்போது போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் ஏறுது ரோஷன். இருநூறு போகும். மிஷின் எங்க போயிரும்? வேற பாப்போம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கரண்டியோடுதான் நின்றேன். ஆனால் குருவம்மாள் என்னை ஒதுக்கிவிட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"ஏறும்னு நாங்க சொன்னப்ப நீங்க நம்பலை பாய். இப்ப நீங்க சொல்றீக, ஏறட்டும். எனக்கு அந்தக் கம்பெனியில பங்கு வேணாம். அடுத்தவன் பட்டறை வாசல்ல நின்னு நின்னு என் காலு மரத்துப்போச்சு. அந்தக் காலுக்கு நீங்க எம்புட்டு ரூவா போடுவீக?"

என் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு "பிஸ்மில்லா" என்று சொல்லிப் போனில் விரலை வைத்தார். விற்றாயிற்று. மனுஷன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், கேலி செய்யவில்லை. அவரை எனக்கு அந்த நிமிஷம் அவ்வளவு பிடித்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் குட்டி லாரியில் மிஷின் வந்து இறங்கியது. வாசலில் நுழையவில்லை. நிலையைப் பெயர்த்து உள்ளே தள்ளினோம். குருவம்மாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், நான் ஃபாத்திஹா ஓதினேன், ஒச்சப்பன் அண்ணன் எண்ணெய் விட்டார். சுவிட்சைப் போட்டதும் தெருவே அதிர்ந்தது. முதல் அட்டை வெட்டி விழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையில் முட்டிக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம், மண்டியில் சீக்கிரமே விட்டதால் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, போனைத் தூக்கிக் காட்டினார்.

"ரோஷன்! நூத்தியெளுபது! விக்காம வச்சிருந்தா இப்ப நூத்தியெளுபது!"

எனக்கு நன்றாகவே கேட்டது. குருவம்மாளுக்கும் கேட்டிருக்கும். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுத்த அட்டையை மிஷினுக்குள் கொடுத்தாள்.

"என்னங்க?" என்று கத்தினேன். "மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க!"