ஒரு கட்டை இடப்புறம்

ஆசிரியர் இல்லை; பள்ளி இல்லை; இசை எழுதிய தாளைப் படிக்கவும் தெரியாது. செங்கல்பட்டுக் கடைவீதியில், தந்தையின் துணிக்கடைச் சரக்கு அறையில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியரின் பாரோக் இசையைத் தன் விரல்களுக்குத் தானே கற்பித்தவள் ருக்ஸார். கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடும், அவள் கேட்பாள், தேடுவாள், கண்டெடுப்பாள். காது ஒன்றே அவள் கற்ற கல்லூரி.

அந்த இசைக்கு உரிய கருவி ஹார்ப்ஸிகார்ட். பியானோவைப் போலக் கட்டைகள் உண்டு. ஆனால் உள்ளே சுத்தியல் தட்டுவதில்லை, சிறு அலகு கம்பியைச் சுண்டுகிறது. அவளறிந்த வரை இந்தக் கடற்கரையில் அது இருந்தது ஒரே வீட்டில்: மாமல்லபுரத்தில், அணு ஆராய்ச்சி அலுவலர் ஹரிகிருஷ்ணனின் வீட்டில். அடுத்த மாதம் அவருடைய குழு நடத்தும் கச்சேரியில் அதை வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த இருக்கையைக் கேட்டே ருக்ஸார் வந்திருந்தாள்.

"குரு யாரும்மா?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"யாரும் இல்ல சார். நானே கேட்டுகினு கேட்டுகினு புடிச்சேன்."

"யூடியூப் பல்கலைக்கழகம்." அவர் சிரித்தார். குழுவில் வயலின் வாசிக்கும் அவர் மனைவி கல்யாணி சிரிக்கவில்லை.

ருக்ஸார் தொடங்கினாள். முதல் அடியிலேயே திடுக்கிட்டாள். விரல் பழகிய இடத்துக்கே சென்றது. எழுந்த ஒலியோ புளித்தது. சரக்கு அறையில் இழைந்து ஒலித்த சுரங்கள் இங்கே ஒன்றையொன்று முறைத்தன. நிறுத்தினால் இருக்கை போய்விடும் என்று அஞ்சினாள், நிறுத்தவில்லை. ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிச் சுரம் வரை அவர் இடைமறிக்கவே இல்லை.

"எப்படி இருந்துச்சுன்னு உனக்கே கேக்குதா?"

"கேக்குது சார். அதான் பேஜாரா கீது. வூட்டுல இப்டி வராது."

கல்யாணி வயலின் வில்லை மடியில் வைத்தாள். "அவ எல்லாத்தையும் ஒரு கட்டை இடப்பக்கம் தள்ளி வாசிக்கிறா. உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"முதல் வரியிலயே."

"அப்போ ஏன் சொல்லல?"

"எவ்வளவு தூரம் போறாள்னு பார்த்தேன்."

பிழை எங்கே நேர்ந்தது? பழைய இசையைப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் இன்றைய சுருதிக்கு அரைச்சுரம் கீழே கருவிகளை வைக்கிறார்கள். அந்த ஒலியை இன்றைய கீபோர்டில் தேடியவளுக்கு ஒவ்வொரு சுரமும் உரிய இடத்துக்கு ஒரு கட்டை இடப்புறத்தில் அகப்பட்டது. கீபோர்டில் எங்கே தொடங்கினாலும் இனிமை ஒன்றே. இந்தக் கருவியிலோ வழக்கமான இடங்கள் இனிக்க வேண்டுமென்று மற்ற இடங்களைப் புளிக்க விட்டுச் சுருதி சேர்த்திருந்தார்கள். தாளைப் பார்த்துப் படித்தவர் செய்ய முடியாத பிழை இது. கூர்மையான காது மட்டுமே செய்யக்கூடிய பிழை. அறிந்தவர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஒருத்தி தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடியிருக்கும் அறிவு யாருக்காகச் சேர்த்து வைத்த அறிவு?

"கட்டை வரிசையை நகர்த்துங்க," என்றாள் கல்யாணி.

ருக்ஸார் நிமிர்ந்தாள். நகருமா?

நகரும். வலது ஓரத்து மரத்துண்டை எடுத்துவிட்டால் வரிசை முழுவதும் ஒரு கட்டை அளவு வலப்புறம் நகரும்; ஒவ்வொரு கட்டையும் அடுத்த கம்பியைச் சுண்டும்.

"அது ஏமாத்து வேலை," என்றார் ஹரிகிருஷ்ணன்.

"போன வருஷம் புல்லாங்குழல்காரரோட சுருதிக்காக நகர்த்தினீங்களே. அவர் ஏமாத்துக்காரரா?"

அவர் மரத்துண்டை உருவினார், வரிசையைத் தள்ளினார். ருக்ஸார் அதே விரல்களால் அதே கட்டைகளைத் தொட்டாள். ஒலி இனித்தது. இரண்டாம் பகுதியில் கல்யாணியின் வயலினும் சேர்ந்துகொண்டது.

முடிந்ததும் ஹரிகிருஷ்ணன், "நல்லாத்தான் இருக்கு. சரியான கட்டையில கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாம்மா," என்றபடி மரத்துண்டை நோக்கிக் கை நீட்டினார்.

அதற்குள் அது ருக்ஸாரின் கையில் இருந்தது.

"கத்துக்கிறேன் சார். ஆனா கச்சேரி அடுத்த மாசம் கீது." வரிசை பழைய இடத்துக்கு நகராதபடி, இடது ஓரத்தில் திறந்திருந்த இடைவெளியில் அதைச் செருகி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை ஒத்திகை," என்றாள் கல்யாணி. "காலையிலயே வந்துடு."

ருக்ஸார் தலையசைத்தாள். பின் ஹரிகிருஷ்ணனிடம் திரும்பினாள்.

"மறுபடி தப்பா வாசிச்சா, மொத வரியிலயே சொல்லிடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மீண்டும் துடைக்கத் தொடங்கினார்.